இரண்டு வார இருமலும் தொலைந்துபோகும் இரண்டு மாதங்களும்



திருநின்றவூரில் ஒரு குடும்பத்தை மனதில் எண்ணிப் பாருங்கள். குறிப்பிட்ட யாரையும் சொல்லவில்லை. நம்மில் பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறோம். குடும்பத் தலைவருக்கு நாற்பது வயதுக்கு மேல். காலை ரயிலைப் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போய், இரவு வீடு திரும்புகிறவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். இரண்டு அறை உள்ள வாடகை வீடு.

ஒரு நாள் அவருக்கு இருமல் தொடங்குகிறது. "பனிக்காலம், அதான்" என்று விட்டுவிடுகிறார். பத்து நாள் கழித்து மெடிக்கலில் கேட்டு ஒரு சிரப் வாங்குகிறார். மூன்றாவது வாரம் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். இருமல் கொஞ்சம் குறைகிறது. ஐந்தாவது வாரம் திரும்ப வருகிறது. "அந்த டாக்டர் மருந்து கேட்கவில்லை" என்று வேறு ஒரு டாக்டரிடம் போகிறார். ஊசி போட்டு, வேறு மாத்திரை எழுதித் தருகிறார்கள். சாயங்காலம் ஆனால் லேசாக உடம்பு சுடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருக்கிறது. எட்டாவது வாரம் மூன்றாவது இடத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். பிறகு சளிப் பரிசோதனை. காசநோய், அதாவது டிபி.

இந்த எட்டு வாரமும் அவர் அதே அறையில்தான் பிள்ளைகளோடு படுத்திருக்கிறார். அதே ரயிலில்தான் போய் வந்திருக்கிறார். அதே பள்ளிவாசல் ஸஃப்பில்தான் நின்று தொழுதிருக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த எட்டு வாரங்களைப் பற்றியது. காசநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது, அதுவும் இலவசமாக. நோய் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே நாட்கள் போய்விடுகின்றன என்பதுதான் பிரச்சினை. அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொண்டால், அவற்றில் பெரும்பகுதியை நாமே மீட்டுக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

நாட்கள் எங்கே போகின்றன?

இந்தக் கேள்வியை நமது சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) தென்னிந்தியாவில் 531 நோயாளிகளிடம் விசாரித்து 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை, நடுத்தரமாக 60 நாட்கள் ஆகியிருந்தன. இந்தியா முழுவதும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மற்றொரு கணக்கும் ஏறத்தாழ இதையே சொன்னது: மொத்தம் 55 நாட்கள்.

இந்த 55 நாட்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் நம்மை யோசிக்க வைக்கும். நோயாளி தானாகத் தாமதித்தது சுமார் 18 நாட்கள். முதல் முறை மருத்துவரைப் பார்த்த பிறகு நோய் இன்னதென்று கண்டுபிடிக்க ஆனது சுமார் 31 நாட்கள். கண்டுபிடித்த பின் மருந்து தொடங்க இரண்டு, மூன்று நாட்கள்தான். டிபி என்று தெரிவதற்குள் ஒரு நோயாளி சராசரியாக இரண்டு அல்லது மூன்று இடங்களில் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

பொதுவாக நாம் என்ன சொல்வோம்? "அவர் அலட்சியமாக இருந்துவிட்டார், டாக்டரிடமே போகவில்லை" என்போம். கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் போன பிறகுதான் அதிக நாட்கள் போயிருக்கின்றன.

சென்னை ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முதலில் அரசு மருத்துவமனைக்குச் சென்றவர்கள், போவதற்கே நாளாக்கியிருந்தார்கள். முதலில் தனியார் மருத்துவரிடம் சென்றவர்களுக்கு, போன பிறகு நோய் பிடிபட நாளாயிற்று. இரண்டு வழியிலும் தாமதம் உண்டு. தாமதமாகும் இடம்தான் வேறு. எனவே நாம் எந்த வழியில் போகிறோமோ, அந்த வழியில் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

இந்த நோய் ஏன் ஏமாற்றுகிறது?

ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அதனால்தான் ஆண்டுதோறும் மார்ச் 24 உலக காசநோய் தினமாக இருக்கிறது. அந்தக் கிருமி மிக மெதுவாக வளரும். சாதாரணக் கிருமிகள் பல அரை மணி நேரத்தில் இரண்டாகப் பெருகும். டிபி கிருமி ஒரு முறை பெருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

அதனால் நோயும் மெதுவாகவே ஏறுகிறது. நிமோனியா போலத் திடீரென்று படுக்கையில் தள்ளுவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, தொழுதுகொண்டே, சமைத்துக்கொண்டே இருக்க முடியும். உடம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வரும் உறவினர்தான் "என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள்?" என்று கேட்பார்.

இன்னொரு ஏமாற்று: நடுவில் கிடைக்கும் நிவாரணம். சளிக்காகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் சில, குறிப்பாக லெவோஃப்ளாக்சசின் போன்றவை, டிபி கிருமியையும் ஓரளவு அடக்கி வைக்கும். ஐந்து நாள் மாத்திரையில் இருமல் குறைந்தது போல இருக்கும். நிறுத்தினால் மறுபடி வரும். ஸ்டீராய்டு கலந்த ஊசியோ மாத்திரையோ போட்டாலும் காய்ச்சலும் அசதியும் சில நாள் மறைந்துவிடும். உள்ளே நோய் வளரும். ஆகவே "மருந்து சாப்பிட்டால் குறைகிறது, நிறுத்தினால் வருகிறது" என்ற பேச்சு வீட்டில் எழுந்தாலே சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

மருத்துவர்கள் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. கிளினிக்குக்கு இருமலோடு வருகிற நூறு பேரில் பெரும்பாலோருக்கு டிபி இருக்காது. முதல் நாளே எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பவும் முடியாது. ஆனால் நாம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டரிடம் போனால், ஒவ்வொருவருக்கும் அது முதல் நாள்தான். மூன்று டாக்டர்களும் முதல் நாள் மருந்தையே தருகிறார்கள். நாம் டாக்டரை மாற்றுவதால் நோயின் வயது அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

எப்போது பரிசோதனை?

இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்:

• இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும் இருமல்
• இரண்டு வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வரும் காய்ச்சல், குறிப்பாக மாலையில்
• காரணம் தெரியாமல் எடை குறைதல், பசியின்மை
• சளியில் இரத்தம்
• இரவில் உடை நனையும் அளவு வியர்வை
• கழுத்தில் வலியில்லாமல் வீங்கி நிற்கும் கட்டி

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். டிபி நுரையீரலில் மட்டும் வருவதில்லை. நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, மூளை உறை, குடல் என்று எங்கும் வரலாம். அங்கெல்லாம் இருமலே இருக்காது என்பதால் தாமதம் இன்னும் கூடும். மாதக்கணக்கில் தீராத முதுகு வலியும் ஒரு முறை பரிசோதிக்கப்பட வேண்டியதுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிபி வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அரிது. சர்க்கரைக்காரர் எடை குறைந்தால் "சுகர் ஏறியிருக்கும்" என்று நினைத்துவிடுகிறோம். பீடி, சிகரெட் பிடிப்பவர் இருமினால் "அது புகை இருமல்" என்கிறோம். இந்த இரண்டு பேரும்தான் முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள்.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த வைத்தியத்துக்கும் போகவில்லை என்று தெரியவந்தது. ஏன் என்று கேட்டதற்கு, பணம் இல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. "பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பதுதான் பெரும்பாலோரின் பதில்.

என்ன பரிசோதனை? எங்கே?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, "இரண்டு வாரமாக இருமல், சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. அங்கேயே கருவி இல்லாவிட்டால் சளி மாதிரியை உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். நமக்கு ஆவடி அரசு மருத்துவமனையும், ரயிலில் சில நிலையங்கள் தள்ளி திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற தேசிய காசநோய் உதவி எண்ணிலோ, தமிழக அரசின் 104 எண்ணிலோ கேட்கலாம். இரண்டும் இலவசம்.

பரிசோதனைகள் மூன்று வகை:

முதலாவது, சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது. பழைய முறை. கிருமி அதிகமாக இருந்தால்தான் தெரியும்.

இரண்டாவது, கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை. சிபிநாட், ட்ரூநாட் என்று பெயர். ட்ரூநாட் நமது நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. கிருமி குறைவாக இருந்தாலும் காட்டும். ஓரிரு மணி நேரத்தில் விடை தெரியும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். "எனக்கு சிபிநாட் அல்லது ட்ரூநாட் பார்க்க முடியுமா?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது, மார்பு எக்ஸ்ரே. மேலே சொன்ன தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42 சதவீதத்துக்கும் மேலானவர்கள் விடுபட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி அறிகுறியே இல்லை.

காசு கொடுத்து ஏமாறாமல் இருக்கவும் ஒன்று சொல்ல வேண்டும். இரத்தத்தில் டிபி எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனைக் கருவிகளை மத்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது. அவை தவறான விடை தந்ததே காரணம். கையில் ஊசி போட்டு வீக்கம் அளக்கும் பரிசோதனை, உடம்புக்குள் கிருமி நுழைந்திருக்கிறதா என்பதைத்தான் காட்டும். நோயாக மாறியிருக்கிறதா என்பதை அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

சளி கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் "நோய் இல்லை" என்று தவறாக வந்துவிடும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வருகிற கெட்டிச் சளியைக் கொடுங்கள். மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில், மற்றவர்கள் அருகில் இல்லாதபோது எடுங்கள். டப்பாவை இறுக மூடிக் கொடுங்கள்.

ஒரு முறை "இல்லை" என்று வந்தும் இருமலும் எடைக் குறைவும் நீடித்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். அதே டாக்டரிடம் அதே சீட்டோடு திரும்பப் போங்கள். குழந்தைகளுக்குச் சளி எடுப்பது கடினம் என்பதால் அவர்களுக்கு மருத்துவர் வேறு முறைகளைக் கையாள்வார். எடை ஏறாத, அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தையின் வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறைப்பதால் யாருக்கு நன்மை?

தாமதத்துக்கு இன்னொரு காரணம் நம் வாயிலிருந்து வராது. பயமும் வெட்கமும். "பெண்ணுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறோம், இப்போது டிபி ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்?" என்று தாய் நினைக்கிறார். மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று மருமகள் முந்தானையில் வாயை மூடி இருமுகிறாள். வேலை போய்விடுமோ என்று ஆண் மறைக்கிறார்.

இந்தப் பயம் பழைய காலத்து மிச்சம். மருந்து கண்டுபிடிக்கப்படாத நாளில் நோயாளியை ஒதுக்கி வைப்பதைத் தவிர வழியில்லை. 1928இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே அன்றைய வைத்தியம். அந்த ரயில் நிலையத்துக்கு இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர்.

மருந்து வந்த பிறகு நிலைமை மாறியது. அதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியதே நமது சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கி மருந்து சாப்பிட்டார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் அவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. இதன் பிறகுதான் உலகெங்கும் நோயாளியை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்ப்பது வழக்கமானது.

அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: குடும்பத்துக்கு ஆபத்து, டிபி என்று தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் அதிகம். சரியான மருந்து தொடங்கிவிட்டால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மறைப்பதால் யாரைக் காப்பாற்ற நினைக்கிறோமோ, அவர்களுக்கே நோயைக் கொடுக்கிறோம்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் பயனில்லை. டிபி காற்றின் மூலம் பரவுகிறது. பாத்திரம், துணி, கைகுலுக்கல் மூலம் பரவுவதில்லை. பயன் தருவது ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், மாஸ்க் அணிவதும், தொடக்கத்தில் சில வாரங்கள் தனியாகப் படுப்பதும்தான். அந்த நாட்களில் தொழுகையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எப்போது ஜமாஅத்துக்கு வரலாம் என்று மருத்துவர் சொல்வார்.

ஓதிப் பார்ப்பதும் மருந்தும்

உடம்பு சரியில்லை என்றால் ஓதிப் பார்ப்பதும், துஆ கேட்பதும் நம் வழக்கம். அதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்கள்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்று கற்றுத் தந்த மார்க்கம் இது. ஓதிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே சளி டப்பாவையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

ரமலானில் இன்னொரு கவனம் தேவை. எடை குறைந்தால் "நோன்பு", அசதி என்றால் "ஸஹர் தூக்கமின்மை" என்று காரணம் சொல்லி ஒரு மாதத்தை விட்டுவிடுகிறோம். "பெருநாள் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அறிகுறி இருந்தால் பெருநாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மருந்து சாப்பிடுகிறவர்கள் நோன்புக்காக மாத்திரையை நிறுத்தவோ நேரத்தை மாற்றவோ முன் மருத்துவரைக் கேளுங்கள். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உங்கள் நிலைமையை ஆலிம்களிடமும் சொல்லி விளக்கம் பெறுங்கள்.

தாமதத்தின் விலை

நோய் முற்றி வருகிறவர்களில் இறப்பு பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கிறது. "மருந்து கொடுத்தும் இறந்துவிட்டாரே" என்று நாம் சொல்கிறோம். மருந்து வந்து சேர்ந்ததே தாமதமாக என்பதுதான் உண்மை.

இதைக் குறைக்க 2022இல் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. இதில் துணை நிற்பது நமக்குப் பக்கத்தில், அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். டிபி உறுதியான ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு எடை மிகக் குறைவாக இருக்கிறதா, மூச்சு வேகமும் இரத்தத்தில் ஆக்சிஜனும் சரியாக உள்ளனவா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் ஒன்று மோசமாக இருந்தாலும் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டில் டிபி நோயாளி இருந்து, அவர் எழுந்து நிற்கத் தடுமாறினாலோ மூச்சு வாங்கினாலோ, "அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது சொல்லலாம்" என்று இராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

நோய் உறுதியானால்

சாதாரண டிபிக்கு ஆறு மாத மருந்து. தினமும் சாப்பிட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும். அப்போது நிறுத்துவதுதான் பெரிய தவறு. நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம்.

தனியாரிடம் வைத்தியம் பார்த்தாலும் உங்கள் பெயர் அரசின் நிக்ஷய் பதிவில் சேர்க்கப்பட வேண்டும். 2012 முதல் இது கட்டாயம். பதிவானால்தான் சத்துணவுக்கான உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும். 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொண்டுபோங்கள்.

வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். நோய் இல்லாதவர்களுக்கும், முக்கியமாகச் சிறு குழந்தைகளுக்கும், வராமல் தடுக்கும் மருந்து உண்டு.

ஜமாஅத்தாக நாம் செய்யக்கூடியவை

ஒருவருக்கு டிபி என்று தெரிந்தால் அதை இன்னொருவரிடம் சொல்வது புறம்பேசுதல். நிக்காஹ் வீட்டிலும் மய்யித் வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்காமலிருப்பதே பெரிய உதவி. ஒரு வீட்டைப் பற்றி ஊர் பேசினால், அடுத்த பத்து வீடுகள் தங்கள் இருமலை மறைக்கும்.

தினக்கூலிக்கு அரை நாள் சம்பளம் போவது பெரிய தடை. பரிசோதனைக்குப் போகும் நாளின் கூலியையும் ரயில், ஆட்டோ செலவையும் பைத்துல்மாலிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொடுத்தால், அந்த வீட்டில் ஒரு மாதத் தாமதம் குறையலாம்.

சத்துணவும் அப்படித்தான். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததில், அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. 'நிக்ஷய் மித்ரா' என்ற அரசுத் திட்டத்தில் தனிநபர்களும் அமைப்புகளும் பதிவு செய்து நோயாளிகளுக்கு உணவுப் பை வழங்கலாம். ரமலானில் அரிசியும் பருப்பும் பகிர்ந்தளிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல; ஆறு மாதம் தொடர்ந்து ஒரு வீட்டுக்குக் கொடுப்பதும் நம்மால் முடிந்ததே.

மேலே சொன்ன குடும்பத்துக்குத் திரும்புவோம். மூன்றாவது வாரம் கிளினிக்குக்குப் போனபோது, அவர் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: "டாக்டர், இருமல் தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, சளிப் பரிசோதனை எழுதிக் கொடுங்கள்." ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்து வாரத்தில் பிள்ளைகளுக்கும் தாயாருக்கும் நோய் தொற்றும் வாய்ப்பு குறைந்திருக்கும்.

அந்த வாக்கியத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். இருமல் தொடங்கிய தேதியைச் சுவர் காலண்டரில் குறித்து வையுங்கள். பதினைந்தாவது நாளும் இருமல் இருந்தால், அன்று சிரப் வாங்கப் போக வேண்டாம். சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் அண்டை வீட்டாருக்கும் நிறைந்த உடல்நலத்தைத் தருவானாக! நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன்.